ஏழாவது வெற்றிடம்

பலெர்மோ, இத்தாலி
29.03.1998

அன்பின் பெரியண்ணனுக்கு,

மாதாவின் காவலில் நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் எழும்புகிறேன், வேலை வீட்டுக் கிழவி சின்யோராவைக் குளிப்பாட்டுகிறேன், படுக்கிறேன். என் சுகத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. முப்பத்தொராம் நாள் பூசையைக் கொட்டாஞ்சேனையில் நீங்கள் முன்னின்று ஒப்புக்கொடுப்பித்ததாகப் பக்கத்து வீட்டு மாக்ரெட் எழுதியிருந்தாள். விசாப் பேப்பர் இல்லாத நான் இங்கிருந்து புறப்பட்டால் திரும்பி வர முடியாது. அதனால்தான் என் கணவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட வரவில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

மாக்ரெட் தன் கடிதத்தோடு கம்பனிக் கடிதம் ஒன்றையும் அனுப்பியிருந்தாள். அதில் இப்படி இருக்கிறது: “எமது கொள்கலன் முற்றத்தில் பதினேழு வருடங்கள் கிறேன் சிக்னல் உதவியாளராகக் கடமையாற்றிய தங்கள் «உறவு» திரு. ச. கிளெமென்ற் அவர்கள், 18.02.1998 அன்று தமது கவனயீனத்தினால் நேர்ந்த விபத்தில் காலமானமையை ஆழ்ந்த கவலையுடன் அறியத் தருகிறோம்.” இதற்குப் பிறகும் எழுதியிருக்கிறார்கள். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அடியில் கம்பனி முகாமையாளர் வின்சன்றின் கையெழுத்து.

அண்ணா, உங்கள் மச்சான் தீக்குச்சியைத் தண்ணீரில் நனைத்த பிறகுதான் எறிகிறவர். பஸ்ஸில் ஏறமுன் மூன்று தரம் நம்பரைப் பார்க்கிறவர். அவருக்கா கவனயீனம்? அவரோடு வேலை செய்த கிளறன்ஸ் டெலிபோனில் என்ன சொன்னான் தெரியுமா? “அக்கா, கிறேன் கம்பி அறுந்துதான் பெட்டி விழுந்தது. அண்ணை கோட்டுக்கு வெளியில தள்ளித்தான் நிண்டவர்.”

அந்தக் கந்தோரில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவர் நீங்கள். உங்கள் காலத்தில் இப்படியெல்லாம் எழுதியிருக்க மாட்டார்கள். இது கொம்பியூட்டரில் அடித்த கடிதம். இந்த வாக்கியத்தை எழுதிய ஆள் யார் என்று கண்டுபிடித்துத் தாருங்கள். காசு வேண்டாம். வின்சன்ற் தன் கையாலேயே கவனயீனம் என்ற சொல்லை வெட்ட வேண்டும். எழுதியவனின் பெயர் எனக்கு வேண்டும்.

அந்த இரட்டை அம்புக்குறிக்கு என்ன அர்த்தம் என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் பாசமுள்ள தங்கச்சி
றோஸி


வெள்ளவத்தை
16.04.1998

அன்புத் தங்கை றோஸிக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. தாமதத்துக்கு முழங்காலைக் காரணம் சொல்லலாம். அது முழுக் காரணம் அல்ல. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று அறிந்தால் எனக்கு நிம்மதி.

முதலில் அந்தக் குறியைப் பற்றிச் சொல்கிறேன். இப்படிப்பட்ட கடிதங்களை ஆளுக்கு ஒன்றாக எழுதுவதில்லை. ஒரு படிவம் இருக்கும். விலாசம், உறவு, பெயர், பதவி, சேவை வருடம், திகதி என ஆறு இடங்கள் அதில் வெறுமையாக இருக்கும். முன்பு அந்த இடங்களில் புள்ளிக்கோடு போட்டு ரோனியோ மெஷினில் அச்சடித்து வைப்போம். பிறகு தட்டச்சில் நிரப்புவோம். இப்போது வெற்றிடத்தில் அம்புக்குறிகளுக்கு நடுவே ஒரு சொல்லைப் போடுகிறார்கள். கொம்பியூட்டர் அந்தச் சொல்லைப் பார்த்து, ஆட்களின் பட்டியலுக்குப் போய், உரிய விபரத்தை எடுத்து வந்து அங்கே வைக்கும். உன் கடிதத்தில் உறவு என்ற இடத்துக்கு எதுவும் வரவில்லை. பட்டியலில் ‘கணவர்’ என்று யாரும் இணைக்காமல் விட்டிருக்க வேண்டும்.

ஆகவே அதை ஒருவர் உனக்கென்று இருந்து எழுதியதாக நினைக்காதே. எந்தக் கிளெமென்ற் இறந்தாலும் வருகிற கடிதம் அது. எழுதியவரைத் தேடுவது, பழைய சாக்கில் எந்த அரிசி முதலில் விழுந்தது என்று தேடுவது போன்றது. “அன்னாரின் நேர்மையான உழைப்பை நிறுவனம் என்றும் நன்றியுடன் நினைவுகூரும்” என்ற முடிவாவது மரியாதையாக இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்.

நான் சரியாகச் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம். இருந்தாலும் கோபத்தில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் நலத்துக்காகச் செபிக்கும் அண்ணன்
சவுந்தரநாயகம்


பலெர்மோ
03.05.1998

அன்பின் பெரியண்ணனுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் நான் சொல்வதைச் செய்ய முடியும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபின் எனக்குக் கோபம் கூடியது. ஆறு இடம் வெறுமை என்கிறீர்கள். பெயரும் திகதியும் மாறும் என்கிறீர்கள். அப்படியானால் ‘கவனயீனம்’ மாறாதா? யார் செத்தாலும் அவனவன் கவனயீனத்தால்தான் செத்தான் என்று சாவுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்களா? இதைத்தானே நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்? சொன்னது உங்களுக்கே விளங்கவில்லையா, அண்ணா?

அரிசிக் கதை எனக்கு வேண்டாம். அரிசிக்குக் கை இல்லை. அந்த வாக்கியத்துக்கு ஒரு கை இருந்தது. அந்தக் கை இன்றைக்கும் எங்கேயோ பாண் துண்டைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிடுகிறது. பகலில் சின்யோரா தூங்கும்போது நான் அந்தக் கையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் பயந்த சுபாவம் என்று எனக்குத் தெரியும். வெள்ளவத்தைச் சந்தியில் ஆமிக்காரன் அடையாள அட்டையைக் கேட்டாலே மூன்று நாள் வெளியே போக மாட்டீர்கள். இந்த ஒரு தரம் எனக்காகப் போங்கள். ஒருகொடவத்தைக் கந்தோருக்குப் போய் வின்சன்றின் முகத்துக்கு நேரே கேளுங்கள். இல்லையென்றால் எனக்கு அண்ணன் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

மருந்தை விடாமல் குடியுங்கள்.

றோஸி


வெள்ளவத்தை
02.06.1998

அன்புத் தங்கை றோஸிக்கு,

ஆண்டவர் உன்னைச் சுகத்தோடு வைத்திருப்பாராக. நான் போய்வந்தேன். பொரளையில் ஒரு தரமும் தெமட்டகொடையில் ஒரு தரமும் ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதித்தார்கள். வேறு தொந்தரவு இல்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வின்சன்ற் இப்போது ஆளணி முகாமையாளர். குளிரூட்டிய அறையில் இருக்கிறார். என்னைக் கண்டதும் கதிரையைக் காட்டினார்.

“வாங்கோ மிஸ்டர் சவுந்தரம். இன்னும் இருக்கிறீங்களே? பென்ஷன்காரருக்குச் சாவு கிட்ட வராது என்டு சொல்லுறது சரிதான்.”

“ஒரு சொல்லை மாத்தச் சொல்லிக் கேட்க வந்தனான், சேர்.”

“ஒரு சொல்லுக்கோ இந்த வெயிலுக்க வந்தனீங்கள்?”

கவனயீனம் என்ற சொல் என்றேன். கம்பி அறுந்ததைக் கண்ட ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்தார்.

“கண்ட ஆக்கள் கோர்ட்டுக்கு வரட்டும். இந்தத் தமிழ்க் கடிதத்தை நான் வாசிச்சதே இல்லை, தெரியுமோ? இங்கிலீஷ் மீடியத்தில படிச்சவன். ரெண்டு வரி வாசிச்சாத் தலையிடி வந்திரும். ஐறீன் கொண்டு வந்து வைப்பா, நான் சைன் பண்ணுவன். இருவது வருஷமா ஒருத்தரும் முறைப்பாடு சொல்லேல்லை. உங்கட தங்கச்சிக்கு மட்டும் வேற தமிழோ?”

பிறகு ஒன்று சொல்லிச் சிரித்தார். அதை இங்கே எழுதத் தேவையில்லை. எழும்பி வந்துவிட்டேன். இழுத்துத் திறக்க வேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டு நின்றேன். பயத்தால் அல்ல என்று எழுத விருப்பம். பயமும் இருந்தது. ஆனால் அந்த மனிதர் விழுவதைப் பார்க்க வேண்டும் என்று அறுபத்தொன்பது வயதில் முதன்முதலாக ஆசைப்பட்டேன்.

வெளியே ஐறீனைக் கண்டேன். கொம்பியூட்டரில் வேலை செய்கிற பெண். தொண்ணூற்றாறில் பழைய தமிழ்ப் படிவங்களைக் கொம்பியூட்டருக்கு மாற்றிக் கொடுக்க என்னை மூன்று மாதம் கூப்பிட்டிருந்தார்கள். உனக்கு அப்போது எழுதவில்லை. அந்தக் குறிகளை எனக்குப் பழக்கியது அவள்தான். பட்டியலைத் திறந்து காட்டினாள். றோஸி, அதில் காரணம் என்று ஒரு நிரல் இருக்கிறது. இன்சூரன்ஸ்காரருக்கு அனுப்பும் படிவத்துக்காக, முற்றத்து விபத்துப் புத்தகத்தைப் பார்த்து ஐறீன் அதை நிரப்புகிறாள். ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக எல்லா நிரலையும் இரட்டையாகப் போடப் பழக்கியவன் நான். கிளெமென்றின் பெயருக்கு நேரே தமிழில் “கிறேன் கம்பி அறுந்தமை” என்று இருக்கிறது.

இன்சூரன்ஸ்காரருக்கு உண்மை போகிறது. கெட்டுப்போன இயந்திரத்துக்கு இழப்பீடு வேண்டுமே. குடும்பத்துக்குப் போகும் படிவம் அந்த நிரலைக் கேட்பதே இல்லை. ஒரே பட்டியல்.

இதை வைத்து என்ன செய்யலாம் என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அரசாங்கத் தொழிற்சாலைப் பரிசோதகருக்கு ஒரு முறைப்பாடு எழுதி இத்துடன் அனுப்புகிறேன். கையெழுத்து வைத்து, உனக்கு வந்த மூலக் கடிதத்தையும் சேர்த்து நேரே தபாலில் போடு.

ஈரத்தரையில் வெறுங்காலோடு நடக்காதே.

அண்ணன்
சவுந்தரநாயகம்


பலெர்மோ
17.06.1998

என் அன்பான பெரியண்ணனுக்கு,

உங்களுக்கு நூறு வயது ஆயுள் கிடைக்கட்டும். நாலு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சோறு சோறாக இறங்கியது.

கையெழுத்து வைத்து மூலத்தோடு பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். சின்யோராவின் மகள் முத்திரைக்காசு கொடுத்தாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். அழவில்லை, சிரிக்கிறேன் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

வின்சன்ற் நத்தார்ப் பண்டிகைக்கு எங்கள் வீட்டில் பலகாரம் சாப்பிட்டவர். மேசைக்கடியில் காலை நீட்டி, “கிளெமென்ற், உன்னைப் போல பத்துப் பேர் இருந்தா எனக்கு வேலையே இல்லை” என்று சொன்னவர். அந்த வாயால் அவர் பரிசோதகருக்கு என்ன பதில் சொல்லப்போகிறார் என்று பார்க்க வேண்டும். அண்ணா, அவர் மட்டும் போதாது. அந்த வாக்கியத்தை எழுதியவனும் வர வேண்டும். வின்சன்றுக்குத் தமிழ் வாசிக்கவே வராது என்றால், எழுதியது வேறொருவன்தானே? ஐறீனிடம் கேளுங்கள். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

உங்களை நினைத்துப் பெருமைப்படுகிறேன். முழங்காலுக்குப் பூச ஒரு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் றோஸி


வெள்ளவத்தை
11.08.1998

அன்புத் தங்கை றோஸிக்கு,

உன் சுகத்தை அறிய விரும்புகிறேன். இங்கே கடல் கொந்தளிப்பு. ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

காரியம் நடந்துவிட்டது. சரியாகச் செய்தேனா என்று நீயே சொல்.

உன் முறைப்பாடு கிடைத்ததும் பரிசோதகர் கம்பனிக்கு எழுதியிருக்கிறார். விபத்தில் இறந்த எல்லாத் தொழிலாளரின் குடும்பங்களுக்கும் அனுப்பிய கடிதங்களின் பிரதிகளைக் கேட்டிருக்கிறார். எழுபத்தொன்பதிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பதினொன்று. அந்தக் கந்தோரில் தமிழ்க் கடிதத்துக்குப் பிரதி வைக்கும் வழக்கம் இல்லை. பட்டியலில் ஆளின் பெயர் இருக்கிறது, தேவையானால் மறுபடி அச்சிடலாம் என்பதுதான் அவர்களின் முறை. வின்சன்ற் ஐறீனைக் கூப்பிட்டு, “பதினொன்றையும் திரும்ப அடிச்சுக் கொண்டு வா, சைன் வச்சுத் தாறன்” என்றிருக்கிறார். அவள் எனக்கு டெலிபோன் எடுத்தாள்.

மறுநாள் பழைய கம்பனி அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் சாட்டில் போனேன். ஐறீன் படிவத்தைத் திறந்து வைத்துவிட்டு எழும்பினாள்.

“அங்கிள், நான் கன்டீனுக்குப் போய் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வாறன். கதிரை சும்மாதான் இருக்கு.”

“பிள்ளை, உனக்கு வேலை போயிடும்.”

“லிஸ்டில இருக்கிறதுதானே அச்சில வருது. நான் பொய் ஒன்டும் அடிக்கேல்லையே. போன மாசம் எனக்கு லீவு தராம, ‘உன்ர அம்மா செத்தா வா’ என்டவர் அந்தாள். கெதியாச் செய்யுங்கோ.”

‘தமது கவனயீனத்தினால்’ என்ற இரண்டு சொல்லையும் அழித்தேன். அந்த இடத்தில் «காரணம்» என்று போட்டு, பட்டியலோடு இணைத்து, வாக்கியம் பொருந்தும்படி ‘காரணமாக’ என்று அடுத்து எழுதினேன். நாலு நிமிடம் ஆகியிருக்கும். ஐறீன் வந்து அச்சிட்டாள். பதினொரு கடிதம் வந்தது. கம்பி அறுந்தமை காரணமாக. ஏணி முறிந்தமை காரணமாக. தடுப்புப் பழுதடைந்தமை காரணமாக. ஒவ்வொருவரும் எதனால் செத்தார்கள் என்பது கடிதத்தில் வந்துவிட்டது. கவனயீனம் ஒன்றிலும் இல்லை.

வின்சன்ற் டெலிபோனில் கதைத்துக்கொண்டே பதினொன்றிலும் கையெழுத்து வைத்தாராம். ஐறீன் அவற்றை அன்றைக்கே பரிசோதகருக்கு அனுப்பிவிட்டாள்.

இப்போது பரிசோதகரின் மேசையில் கிளெமென்றைப் பற்றி இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று நீ அனுப்பிய மூலம். மற்றது கம்பனி அனுப்பிய பிரதி. இரண்டிலும் ஒரே கையெழுத்து. காரணம் வேறு வேறு. எதற்கு வின்சன்ற் பதில் சொன்னாலும் மற்றது அவரைப் பிடிக்கும்.

பிரதி என்றால் மூலத்தைப் போல இருக்க வேண்டும். நான் செய்தது பிரதி அல்ல. இது மனதை உறுத்துகிறது. ஆனால் இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறேன் என்பதையும் மறைக்கக் கூடாது.

விசாரணை ஒக்ரோபர் மாதம்.

அண்ணன்
சவுந்தரநாயகம்


பலெர்மோ
27.08.1998

அன்பின் பெரியண்ணனுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, பழைய கடிதங்களையும் எடுத்து ஒன்றாகக் கட்டலாம் என்று உட்கார்ந்தேன். கட்டமுன் எல்லாவற்றையும் முதலில் இருந்து படித்தேன்.

ஏப்ரல் மாதக் கடிதத்தில், “அன்னாரின் நேர்மையான உழைப்பை நிறுவனம் என்றும் நன்றியுடன் நினைவுகூரும்” என்ற முடிவு மரியாதையாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் அந்த முடிவை உங்களுக்கு எழுதவில்லை. எழுத மனமில்லை என்று விட்டேன். மாக்ரெட் உறையைப் பிரிக்காமல்தான் அனுப்பினாள். வின்சன்றை நீங்கள் அதற்குப் பிறகுதான் பார்த்தீர்கள்.

அந்த முடிவு உங்களுக்கு எப்படித் தெரியும்?

றோஸி


வெள்ளவத்தை
08.11.1998

அன்புத் தங்கை றோஸிக்கு,

நீ நலமாயிருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேலாகப் பதில் எழுதவில்லை. ஐந்து தரம் தொடங்கிக் கிழித்தேன்.

விசாரணைக்கு உன் சார்பில் நான் போயிருந்தேன், முதலில் அதன் முடிவைச் சொல்கிறேன். அதைக் கேட்க உனக்கு உரிமை உண்டு. பரிசோதகர் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இதில் எது உங்கள் கடிதம்?” என்று கேட்டார். வின்சன்றுக்கு வேர்த்தது. இரண்டும் தன் கையெழுத்துத்தான், ஆனால் வாசிக்கவில்லை என்றார். “எழுதப்பட்டதை வாசிக்காமல் ஒருவரின் சாவுக்குக் காரணம் சொல்லியிருக்கிறீர்கள்” என்றார் பரிசோதகர். இன்சூரன்ஸ் படிவமும் வந்தது. கிறேனுக்குச் சீல் வைத்தார்கள். கிளெமென்றின் மரணம் இயந்திரக் குறைபாட்டினால் நேர்ந்தது, அவரிடம் தவறில்லை என்று பதிவாகியிருக்கிறது. தலைமைக் கந்தோர் வின்சன்றை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஐறீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

போகமுன் வின்சன்ற் விசாரணையில் எழும்பி, ஜூன் மாதம் என்னைப் பார்த்துச் சிரித்துச் சொன்னதையே மறுபடியும் சொன்னார். அன்றைக்கு உனக்கு அதை எழுதாமல் விட்டேன். “அந்தத் தமிழை எழுதினவர் இந்தா உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறார். அவரைக் கேளுங்கோ.”

ஆம், றோஸி. நான்தான்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு பேச்சியம்மா என்பவளின் கணவர் ஏணி முறிந்து இறந்தார். தமிழில் ஒரு படிவம் எழுதச் சொன்னார்கள். நான் ஏழு வெற்றிடம் விட்டேன். ஏழாவது காரணம். அப்போது உதவி முகாமையாளராக இருந்த வின்சன்ற் அதை மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டுவிட்டு, “கடைசி இடத்தை வெறுமையா விடாதேங்கோ. எல்லாருக்கும் ஒரே காரணம்தான். கேர்லஸ்னஸ் என்டு நிரந்தரமா அடியுங்கோ” என்றார். “சரி, சேர்” என்றேன். வாதாடவில்லை. ‘தன்’ என்று எழுதாமல் மரியாதைக்காகத் ‘தமது’ என்று எழுதினேன். அன்று பஸ்ஸில் வரும்போது, வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டதும் நினைவிருக்கிறது.

எண்பத்தொன்றில் கிளெமென்றை அந்த முற்றத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நானே.

தொண்ணூற்றாறில் கொம்பியூட்டருக்கு மாற்றும்போது ஐறீன் கேட்டாள், “அங்கிள், இந்த இடத்துக்கும் ஒரு குறி போடுவமா? காரணம் லிஸ்டில கிடக்குத்தானே.” “வேண்டாம் பிள்ளை, இருந்தபடி இருக்கட்டும்” என்றேன். அப்போது வின்சன்ற் பக்கத்தில் இல்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

வின்சன்றை வீழ்த்தியபோது, உனக்காகச் செய்கிறேன் என்று நினைத்தேன். அவர் போய்விட்டால் அந்த வாக்கியத்தின் பழி முழுவதும் அவரோடு போய்விடும் என்ற கணக்கும் எனக்குள் இருந்தது.

உன் அண்ணன்
சவுந்தரநாயகம்


பலெர்மோ
20.12.1998

பெரியண்ணனுக்கு,

நத்தார் வருகிறது. வாழ்த்து எழுத என்னால் முடியவில்லை. சுகம் விசாரிக்கவும் முடியவில்லை.

எட்டு மாதம் ஒரு கையை நினைத்துச் சபித்தேன். அந்தக் கை எழுதிய கடிதத்தைப் படித்து ஆறுதல் பட்டேன். பெருமைப்பட்டேன். முழங்காலுக்கு மருந்து வாங்கினேன். நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் அதை அறிந்துகொண்டே எழுதியிருக்கிறீர்கள்.

வின்சன்றுக்கு வாசிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஒன்று சொல்கிறேன், செய்யுங்கள். பட்டியலில் பதினொரு குடும்பம் இருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் உங்கள் கையால் எழுதுங்கள். யார் எப்படி இறந்தார், நீங்கள் என்ன எழுதினீர்கள், ஏன் எழுதினீர்கள் என்று எழுதுங்கள். தட்டச்சு வேண்டாம், கொம்பியூட்டர் வேண்டாம். ஒரு கடிதத்தில் உள்ள வரி மற்றதில் வரக் கூடாது. ஒவ்வொன்றையும் புதிதாக எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு எனக்கு அறிவியுங்கள். அதுவரை கடிதம் போட வேண்டாம்.

றோஸி


வெள்ளவத்தை
14.03.1999

அன்புத் தங்கை றோஸிக்கு,

நீ கேட்காவிட்டாலும், உன் சுகத்துக்காக மன்றாடுகிறேன்.

பத்துக் கடிதங்களும் எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் ஆகியது. முதலாவதை எழுதியபின் இரண்டாவதும் தானாகவே அதே வார்த்தைகளில் வந்தது. கிழித்தேன். அந்த ஆளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாததால்தான் அப்படி வருகிறது என்று விளங்கியது. பிறகு கிளறன்ஸையும் முற்றத்தில் இருந்த பழைய ஆட்களையும் தேடிப்போய்க் கேட்டேன். ஒருவர் வேலைக்கு நாய்க்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவராம். ஒருவர் திக்குவாயாம், பாடும்போது மட்டும் திக்காதாம். என் காலத்தில் அவர்களின் பெயரை நிரப்பியவன் நான், இதெல்லாம் எனக்குத் தெரியாது.

மூன்று பேர் பதில் போட்டார்கள். ஒருவர் என்னை மன்னித்தார். ஒருவர் தூஷணத்தில் எழுதியிருந்தார். ஒருவர் வெறும் தாளை மடித்து அனுப்பியிருந்தார். ஆறாயி என்ற அம்மா கடிதத்தைக் கையில் பிடித்தபடி என் வீட்டுக்கு மூன்று மாடி ஏறி வந்தார்.

“எனக்கு வாசிக்கத் தெரியாது. எழுதின நீங்களே வாசியுங்க.”

வாசித்தேன்.

“இன்னொருக்கா வாசியுங்க.”

மறுபடி வாசித்தேன். கடிதத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மற்ற ஐந்து பேரும் இன்னும் பதில் போடவில்லை. பேச்சியம்மாவுக்குப் பேலியகொடைக்கு அனுப்பியது, விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பிவந்தது.

இது பதினொராவது கடிதம். உன் கணவர் கிளெமென்ற் 18.02.1998 காலை பத்து இருபதுக்கு மஞ்சள் கோட்டுக்கு வெளியே, நிற்க வேண்டிய இடத்தில் நின்றார். கம்பி அறுந்து பெட்டி சரிந்தபோது அவர் ஓடியிருக்கலாம். ஓடாமல், கீழே நின்ற இருவரை நோக்கி விசிலை ஊதினார். அவர்கள் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவர் கிளறன்ஸ். உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டு இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று என்னிடம் அழுதான். பிறருக்காக விசில் ஊதியபடி இறந்தவரைக் கவனயீனமானவர் என்று நான் எழுதினேன். எழுதியபோது அவர் எனக்கு மச்சானாகவும் இல்லை, ஆளாகவும் இல்லை. வெறும் ஒரு இடமாக இருந்தார்.

மன்னிப்பாயா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்கிறேன்.

சவுந்தரநாயகம்


பலெர்மோ
05.04.1999

கடிதம் கிடைத்தது. விசிலைப் பற்றி எழுதிய இடத்தை வெட்டி எடுத்து என் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். மிச்சத்தை வைத்திருக்கவில்லை.

பேச்சியம்மாவுக்கு எழுதியது திரும்பிவந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வாக்கியத்தை நீங்கள் முதன்முதலில் எழுதியது அவள் கணவருக்கு. இருபது வருடமாக அவள் அதை நம்பிக்கொண்டு எங்கேயோ இருக்கிறாள். தபால்காரனுக்கு அவளைத் தெரியாவிட்டால் பேலியகொடைக் கடைகளில் விசாரியுங்கள். அங்கே இல்லாவிட்டால் அடுத்த தெருவில் விசாரியுங்கள். வழியில் இறக்கிச் சோதிப்பார்கள், இறங்கி நில்லுங்கள். முழங்கால் நோகும் என்று எனக்குத் தெரியும்.

அவளைக் கண்டுபிடித்து, கடிதத்தைக் கையில் கொடுத்து, அவள் சொல்வது எதுவானாலும் நின்று கேளுங்கள். கேட்டதை ஒரு சொல்லும் விடாமல் எனக்கு எழுதுங்கள். நான் பதினொராவது ஆள். முதலாவது ஆள் பதில் சொல்லமுன் என்னிடம் கேட்க வேண்டாம்.

றோஸி